கூட இருந்தவர்

தேவகிருபைக்குச் சின்ன வயதிலிருந்தே இருட்டைக் கண்டால் ஆகாது. அப்படிப்பட்டவளுக்கு வாய்த்த வேலையோ, ஒரு நாளைக்கு நாற்பது தடவை கும்மிருட்டுக்குள் போய் நின்றுவிட்டு வருவது.

மணலி ரோட்டில், காலி கன்டெய்னர்களை வாங்கி அடுக்கும் யார்டு ஒன்றில் அவள் சர்வேயர். ஊரெல்லாம் சுற்றிச் சரக்கை இறக்கிவிட்டு வரும் பெட்டிகள் மறுபடி கப்பலேறும் முன் அவள் பார்த்துச் சரி சொல்ல வேண்டும். நெளிசல், துரு, தரைப் பலகை எல்லாம் வெளிச்சத்தில் பார்த்துவிடலாம். ஓட்டையை மட்டும் அப்படிப் பார்க்க முடியாது. அதற்கு லைட் டெஸ்ட். அவள் தனியாகப் பெட்டிக்குள் போவாள். வெளியே நிற்கும் ஜெயவேல் இரண்டு கதவுகளையும் இழுத்துச் சாத்துவார். உள்ளே ஒரு நிமிஷம் நின்றால் போதும். ஊசி நுழையும் அளவு ஓட்டை இருந்தாலும் வெயில் அதன் வழியாகப் பொட்டுப் பொட்டாகத் தெரியும். அந்த இடத்தில் சாக்பீஸால் வட்டம் போட்டுவிட்டு, கதவைத் தட்டுவாள். ஜெயவேல் திறப்பார். அவள் போட்ட வட்டங்களை பீம்ராவ் என்ற வெல்டர் வந்து அடைப்பான். ஆறு வருஷமாக இப்படித்தான் ஓடுகிறது.

முதல் நாள் கதவு சாத்தியதும் அவளுக்கு மூச்சு முட்டியது. அலறிவிடாமல் இருப்பதற்காக வாய்க்கு வந்ததைச் சொன்னாள்: "ஆண்டவரே, நான் இங்க நிக்கேன். நீரும் கூட நில்லும்." நெஞ்சு அடங்கியது. அன்று முதல் ஒவ்வொரு பெட்டிக்கும் ஒரு ஜெபம் என்று ஆகிப்போனது. ஒன்றில் காலேஜில் படிக்கும் மகள் மகிமாவுக்காக. இன்னொன்றில் கணவர் ஞானதுரையின் சர்க்கரை வியாதிக்காக. அடுத்ததில் எதிர்வீட்டு ரெஜினா அக்காவின் மூட்டுவலிக்காக. இருட்டு இப்போதும் பயம்தான். ஆனால் அங்கே பேச ஆள் இருந்தது.

இதெல்லாம் ஜெயவேலுக்குத் தெரியும். வியாசர்பாடிக்காரர், வயது ஐம்பதைத் தாண்டியவர். "மேடம், என் முட்டிக்கும் ஒரு பொட்டி ஒதுக்குங்க" என்பார். அவளும் ஒதுக்குவாள்.

டிசம்பர் இருபத்திரண்டு, திங்கட்கிழமை. கிறிஸ்துமஸுக்குள் நூறு பெட்டிகள் துறைமுகத்துக்குப் போயாக வேண்டும் என்று யார்டே பரபரத்துக்கொண்டிருந்தது. பத்து மணிக்கு முதல் பெட்டிக்குள் போனாள். நாற்பதடிப் பெட்டி. கதவு சாத்தியாயிற்று. ஒரு பொட்டு வெளிச்சம்கூட இல்லை, நல்ல பெட்டி. அன்று மாலை கேரல் பாட்டுக்காரர்கள் வீட்டுக்கு வருகிற முறை. வருகிறவர்கள் யாரும் சுகக்கேடு இல்லாமல் வந்து சேர வேண்டும் என்று சொல்லி ஆமென் போட்டாள்.

டொக்.

பெட்டியின் மறுகோடியில், கதவுக்கு நேர் எதிரான சுவரில்.

டொக். டொக்.

இரும்பு சூடேறினால் சில சமயம் சடசடக்கும். அந்தச் சத்தம் அவளுக்கு அத்துப்படி. இது அது இல்லை. வீட்டு வாசலில் நின்று, உள்ளே இருப்பவர்களைத் தொந்தரவு செய்கிறோமோ என்று தயங்கித் தயங்கி ஒருவர் விரல் மடக்கித் தட்டுவது போல இருந்தது.

அவள் பதறிக்கொண்டு கதவை அறைந்தாள். ஜெயவேல் திறந்ததும் அவரைத் தள்ளாத குறையாக வெளியே வந்து, பெட்டியைச் சுற்றி ஓடினாள். பின்பக்கம் வெறும் சிமென்ட் தரை. ஒரு நாய் வெயிலில் படுத்திருந்தது. முப்பது அடிக்கு எந்தப் பக்கமும் ஆள் இல்லை.

"இன்னா மேடம்? எலி கிலியா?"

"இல்லண்ணே. யாரோ தட்டுனாங்க."

"நான் இங்கதானே நிக்கிறேன். யாரும் வரலியே!"

இரண்டாவது பெட்டியில் அவள் ஜெபம் செய்யவில்லை. வாயை இறுக மூடிக்கொண்டு நின்றாள். ஒரு சத்தமும் இல்லை. மூன்றாவதிலும் அப்படித்தான். மனப்பிராந்தி என்று தன்னையே திட்டிக்கொண்டாள். நாலாவதில் பழக்கதோஷம், ரெஜினா அக்காவின் பேரைச் சொல்லி முடிக்கவில்லை, வலப்பக்கச் சுவரில் மூன்று தடவை விழுந்தது. டொக். டொக். டொக். சுவரில் கை வைத்தாள். அடுத்த மூன்றும் உள்ளங்கையிலேயே அதிர்ந்தன.

ஜெயவேலையும் உள்ளே கூப்பிட்டு, இன்னொரு ஆளை விட்டுக் கதவைச் சாத்தச் சொன்னாள். இருவரும் இருட்டில் நின்றார்கள். அவள் முணுமுணுத்து முடித்ததும் இடப்பக்கம் கேட்டது.

"கேக்குதா?" என்றாள்.

"இன்னா கேக்குது?"

"இப்ப... இப்ப மறுபடியும்."

"மேடம்," என்றார் ஜெயவேல், குரலில் கேலி போயிருந்தது. "எனக்கு ஒண்ணியும் கேக்கல. ஆனா உங்க மூஞ்சிய நினைச்சா எனக்கே பேஜாரா கீது. வெளிய போலாம் வாங்க."

அன்று மொத்தம் முப்பத்தெட்டுப் பெட்டிகள். ஜெபித்த பெட்டியில் எல்லாம் தட்டல். ஜெபிக்காத பெட்டியில் எல்லாம் அமைதி. மத்தியானத்துக்கு மேல் ஜெபிப்பதையே நிறுத்திவிட்டாள். ஆறு வருஷத்தில் முதல் தடவையாக, அரை நாள் முழுக்க அந்த இருட்டில் வாய் பேசாமல் நின்றாள். தட்டலைவிட அந்த மௌனம்தான் அவளை அதிகம் உலுக்கியது. பதில் வந்துவிடுமோ என்று பயந்து ஜெபம் செய்யாமல் இருப்பது எப்படிப்பட்ட விசுவாசம் என்று அவளுக்கே விளங்கவில்லை.

அன்று மாலை காலடிப்பேட்டையில் அவர்கள் வீட்டு மாடியில் மகிமா காகித நட்சத்திரம் கட்டிக்கொண்டிருந்தாள். கேரல்காரர்கள் ஏழு மணிக்கே வந்து, இரண்டு பாட்டுப் பாடி, அச்சுமுறுக்கு தின்று, அடுத்த வீட்டுக்குப் போனார்கள். அவர்கள் பாடும்போது தேவகிருபை உதட்டை மட்டும் அசைத்தாள். ஞானதுரை அதைக் கவனித்துவிட்டார். சாத்தாங்காட்டு இரும்பு மார்க்கெட்டில் முப்பது வருஷமாகக் கடை வைத்திருப்பவர். திருநெல்வேலிப் பேச்சு இன்னும் போகவில்லை. கூட்டம் போனதும் அடுக்களைக்கே வந்துவிட்டார்.

"கிருபா, என்னத்துக்கு ஒரு மாதிரியா இருக்க?"

எல்லாவற்றையும் சொன்னாள். அவர் சிரிக்கவில்லை. நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

"ஆண்டவர் தட்டுவாரா? எனக்கென்னமோ இது வேற எதுவோ மாதிரித் தெரியுது. நீ ஜெபிக்கக் கூடாதுன்னே ஒன்னைப் பயங்காட்டுது. ஒரு நாளுலயே நிப்பாட்டிப் போட்டுதுல்லா?"

அந்தப் பக்கமாக அவள் யோசிக்கவே இல்லை.

"இல்லேன்னா யாராவது ஆபத்துல இருக்காங்களோ என்னமோ," என்றாள்.

"காலிப் பெட்டிக்குள்ளயா?"

அவள் திரும்பிப் பால் சட்டியை அடுப்பில் ஏற்றினாள்.

"நாளைக்கு லீவு போடு," என்றார்.

"நூறு பெட்டி போகணுங்க. நான் கையெழுத்துப் போடாம ஒண்ணும் போகாது."

ஞானதுரை நாற்காலியை விட்டு எழுந்தார். பிறகு அவள் கையைப் பிடித்துக்கொண்டு, அடுப்பில் பால் காய்ந்துகொண்டிருக்கும்போதே ஜெபித்தார். "கர்த்தாவே, இது உம்மால வந்தது இல்லேன்னா இவளை விட்டு எடுத்துப் போடும். உம்மால வந்ததுன்னா என்னன்னு விளங்கப் பண்ணும். எங்களுக்கு ஒண்ணும் தெரியல. உம்மை விட்டா யாருட்டக் கேக்க?" அவ்வளவுதான் ஜெபம். அவருக்கு நீட்டி முழக்கத் தெரியாது. ஆனால் யாருட்டக் கேக்க என்று சொன்னபோது அவர் குரல் உடைந்தது. இத்தனை வருஷத்தில் அவர் பயந்து அவள் பார்த்ததில்லை.

செவ்வாய்க்கிழமை காலையில் எண்ணூர்ப் பக்கமிருந்து புகையும் பனியுமாக இறங்கி, ஒன்பது மணி வரை யார்டின் மறுகோடி தெரியவில்லை. அடுக்கி வைத்த பெட்டிகளின் உச்சி மட்டும் ஆங்காங்கே மிதந்தது. தேவகிருபை முதல் பெட்டிக்குள் ஏறும்போது மனதை ஒரு முடிவுக்குக் கொண்டுவந்திருந்தாள். கேட்பது கேட்கட்டும், ஜெபத்தை விடுவதில்லை.

"ஆண்டவரே, நான் இங்க நிக்கேன். நீரும் கூட நில்லும்," என்றாள். "இது என்னன்னு சொல்லும்."

தட்டல் வந்தது. நேற்றைப் போலத் தயக்கம் இல்லை. விட்டு விட்டு, ஆனால் ஓயாமல். அவள் ஓடவில்லை. இருட்டில் கையை நீட்டிச் சுவரோடு நடந்து, சத்தம் பலமாகக் கேட்ட இடத்தில் சாக்பீஸால் வட்டம் போட்டாள். ஓட்டை இல்லாத இடத்தில் அவள் போட்ட முதல் வட்டம் அது.

அடுத்த பெட்டியிலும் வட்டம் போட்டாள். அதற்கடுத்ததிலும். ஆறாவது பெட்டியை விட்டு வெளியே வந்து, வட்டங்கள் விழுந்த பக்கங்களைப் பார்த்துக்கொண்டே நின்றாள். ஒன்றில் எதிர்ச்சுவர், ஒன்றில் வலப்பக்கம், ஒன்றில் இடப்பக்கம் என்று குளறுபடியாக இருந்ததெல்லாம் பெட்டிகள் வெவ்வேறு வாக்கில் கிடந்ததால்தான். வெளியே நின்று பார்த்தால் எல்லா வட்டமும் ஒரே திசையைப் பார்த்திருந்தன. வடக்கே. கிழக்குக் கோடியில் கிடந்த பெட்டியில் மட்டும் வட்டம் வடமேற்கு மூலையில் விழுந்திருந்தது. இரண்டு கோடுகளும் எங்கே போய்ச் சேரும் என்று அவள் கண்ணாலேயே இழுத்துப் பார்த்தாள்.

சி பிளாக். ரிப்பேர் முடிந்து தயாரான பெட்டிகளை ஐந்தடுக்காக ஏற்றி வைக்கும் இடம். பனிக்குள் அது ஒரு கோட்டைச் சுவர் மாதிரி நின்றது.

"ஜெயவேலண்ணே," என்றாள். "சி பிளாக்ல யாரும் வேலை செய்றாங்களா?"

"அங்க இன்னா வேல? சாத்தி ஏத்தி வெச்ச பொட்டிங்க. கப்பலுக்குப் போற வரைக்கும் எவனும் தொடமாட்டான்."

அந்த நேரத்தில்தான் கேட்டில் ஒரு பெண்ணின் குரல் கேட்டது. செக்யூரிட்டி அவளை உள்ளே விடவில்லை. அவள் கம்பியைப் பிடித்துக்கொண்டு கத்திக்கொண்டிருந்தாள். தேவகிருபை போய் என்னவென்று விசாரித்தாள்.

"யக்கா, நான் பீம்ராவ் சம்சாரம், கார்குழலி. புளியந்தோப்பு போர்டு வூட்லேர்ந்து வரேன். சனிக்கெழம வேலைக்கு வந்தவரு வூட்டுக்கே வரல. போன் ஞாயித்துக்கெழம வரைக்கும் அடிச்சிகினே இருந்துச்சு, அப்பறம் ஆஃப் ஆயிடுச்சு. தெரிஞ்சவங்க வூடெல்லாம் தேடிட்டேன். போலீஸ்ல, எங்கனா குடிச்சிட்டுப் படுத்துகினு கெடப்பான், வந்துருவான்றாங்க. அவரு குடிக்கவே மாட்டாருக்கா!"

தேவகிருபை கம்பியைப் பிடித்துக்கொண்டாள். திங்கட்கிழமை முழுவதும் அவள் வட்டங்களை அடைத்தது வேறு ஒரு வெல்டர். காண்டிராக்ட் ஆள்; ஒருவன் வராவிட்டால் இன்னொருவனை அனுப்புவார்கள். பீம்ராவ் எங்கே என்று யாரும் கேட்கவில்லை. அவளும் கேட்கவில்லை. ஆறு வருஷமாக அவள் காட்டிய ஓட்டையெல்லாம் அடைத்தவன். இத்தனை ஆயிரம் ஜெபத்தில் அவன் பேர் ஒரு தடவைகூட வந்ததில்லை.

யார்டு சூப்பர்வைசர் சண்முகவேல் ரிஜிஸ்தரைப் புரட்டிக் காட்டினார். "சனிக்கிழமை சாயங்காலம் நாலரைக்கு அவுட் போட்டிருக்கு மேடம். பாருங்க, கையெழுத்து."

"எல்லா வெல்டருக்கும் ஒரே கையெழுத்தா இருக்கே சார்."

அவர் உற்றுப் பார்த்தார். ஐந்து பேருக்கும் ஒரே பேனா, ஒரே சுழிப்பு. யாரோ ஒருவன் எல்லோருக்கும் சேர்த்துப் போட்டுவிட்டுப் போயிருந்தான்.

"சரி, அதுக்காக சி பிளாக்கைப் பிரிக்கச் சொல்றீங்களா? இருநூறு பெட்டி மேடம். எதை வெச்சுச் சொல்றீங்க?"

இதற்குத்தான் அவள் பயந்திருந்தாள். ஜெயவேல் அவளைப் பார்த்தார். கார்குழலி அவளைப் பார்த்தாள். தேவகிருபை மறைக்காமல் சொன்னாள். "ரெண்டு நாளா நான் ஜெபம் பண்ற பெட்டியில எல்லாம் தட்டுற சத்தம் கேக்குது சார். எல்லாம் அந்தப் பக்கமிருந்து."

சண்முகவேலின் முகத்தில் முதலில் எரிச்சல் தெரிந்தது. பிறகு அவளுக்காகக் கூச்சப்படுவது போல வேறு பக்கம் திரும்பிக்கொண்டார். "அஞ்சு நிமிஷம் வண்டியெல்லாம் நிறுத்தச் சொல்றேன். அங்க போய்க் கேப்போம். கேக்கலேன்னா விட்டுருங்க."

பெட்டி தூக்கும் வண்டிகள் ஒவ்வொன்றாக நின்றன. காலை முதல் இரைந்துகொண்டிருந்த இடத்தில் சட்டென்று அமைதி. இருபது பேர் சி பிளாக்கின் அடியில் கூடினார்கள். தலைக்கு மேலே ஐம்பது அடிக்கு இரும்புச் சுவர்.

"பீம்ராவூ!" என்று கத்தினார் ஜெயவேல். கார்குழலி கத்தினாள். எதிரொலிதான் திரும்பி வந்தது.

அப்போது தேவகிருபை, ஆறு வருஷமாக இருட்டில் மட்டுமே செய்ததை, இருபது பேர் பார்க்கப் பகல் வெளிச்சத்தில் செய்தாள். கண்ணை மூடிக்கொண்டு வாய்விட்டு ஜெபித்தாள். "ஆண்டவரே, இப்ப தட்டும். இவங்க கேக்கும்படியாத் தட்டும்." பின்னால் எவனோ செருமினான்.

ஒன்றும் கேட்கவில்லை.

அவள் காத்திருந்தாள். ஒரு நிமிஷம், இரண்டு நிமிஷம். தூரத்தில் எங்கோ லாரி ஹாரன். தட்டலே இல்லை. நேற்று முழுவதும் வராதே வராதே என்று அவள் வேண்டிய சத்தம், வா என்று கூப்பிட்டபோது வரவில்லை. முகம் காந்தியது. எல்லாம் என் பைத்தியம்தானா, ஞானதுரை சொன்னது போல வேறு எதுவோதானா என்று உள்ளே ஏதோ சரிந்தது.

"மேடம், போதும்," என்றார் சண்முகவேல், மெதுவாகத்தான்.

தேவகிருபை கண்ணைத் திறந்தாள். அழுகை வரவில்லை. ஆச்சரியமாக, மனம் தெளிந்துதான் இருந்தது. காட்ட வேண்டியதைக் காட்டியாயிற்று, இனிமேல் உன் வேலையைப் பார் என்று யாரோ சொன்னது போல.

"சார், சனிக்கிழமை ரிப்பேர் ஷெட்டுலருந்து இங்க ஏறின பெட்டி எத்தனை?"

அவர் தம் போனில் பார்த்தார். "ரெண்டு. நாலு மணிக்கு மேல. ரெண்டுமே நாலாவது அடுக்கு."

"அந்த ரெண்டை மட்டும் இறக்குங்க. ஒண்ணும் இல்லேன்னா நான் வேலையை எழுதிக் குடுத்துட்டுப் போறேன்."

சண்முகவேல் கார்குழலியை ஒரு தடவை பார்த்தார். வண்டிக்காரருக்குக் கையைக் காட்டினார்.

முதல் பெட்டி தரைக்கு வந்தது. ஜெயவேல் கதவைத் திறந்தார். வெயில் உள்ளே விழுந்தது, வெறும் பலகை. இரண்டாவது பெட்டி இறங்க இருபது நிமிஷம் ஆனது. தரையில் உட்கார்ந்ததும் உள்ளே இருந்து ஒரு சத்தமும் இல்லை. ஜெயவேல் கம்பியை நெம்பினார்.

பீம்ராவ் மறுகோடியில் மல்லாந்து கிடந்தான். தலைக்குக் கீழே ஒன்றும் இல்லை. ஆனால் யாரோ பிடித்து வைத்தது போலத் தலை ஒரு பக்கம் சாயாமல் நேராக இருந்தது. நெற்றியில் ரத்தம் காய்ந்திருந்தது. கார்குழலி போட்ட சத்தத்தில் நாய் எழுந்து ஓடியது. ஜெயவேல் குனிந்து மூக்கில் விரல் வைத்தார்.

"மூச்சு கீது!" என்று கத்தினார். "மூச்சு கீது, தண்ணி கொண்டாங்கடா!"

நடந்தது பிறகு தெரிந்தது. சனிக்கிழமை காய்ச்சலோடு வேலைக்கு வந்திருந்தான். வெல்டிங்கை முடித்துவிட்டு, அந்தப் பெட்டிக்குள்ளேயே ஒரு ஓரமாகக் கண்ணயர்ந்திருக்கிறான். அவன் போன் ஷெட்டில் மாட்டியிருந்த பைக்குள் கிடந்தது. உள்ளே ஆள் இருக்கிறதா என்று பார்க்காமல் எவனோ கதவைச் சாத்த, வண்டி தூக்கிக்கொண்டுபோய் ஏற்றிவிட்டது. பெட்டி சாய்ந்தபோது உருண்டு இரும்பில் மோதியிருக்கிறான்.

அரசு ஆஸ்பத்திரியில் டாக்டர் மெஹ்னாஸ் அன்று மாலையே சொன்னார். உயிருக்கு ஆபத்து இல்லை, இன்னும் அரை நாள் தாண்டியிருந்தால் சொல்ல முடியாது. சண்முகவேல் தயங்கித் தயங்கிக் கேட்டார்: "டாக்டர், அவர் உள்ளேயிருந்து தட்டிக்கிட்டு இருந்திருப்பார், இல்ல?"

"எப்படித் தட்ட முடியும்? இடது மணிக்கட்டு உடைஞ்சிருக்கு. வலது தோள்பட்டை இறங்கியிருக்கு. ஞாயித்துக்கிழமை ராத்திரியிலருந்தே முழுசா நினைவு இருந்திருக்காது. தட்டுற நிலைமையில அவர் இல்லை."

சண்முகவேல் அதற்குப் பிறகு தேவகிருபையின் முகத்தை நேராகப் பார்க்கவில்லை. ஜெயவேல் மட்டும் வாசல் வரை கூட வந்துவிட்டு பஸ் ஏறினார்.

வியாழக்கிழமை கிறிஸ்துமஸ். விடியற்கால ஆராதனை முடிந்து, ஊரெல்லாம் புதுச்சேலையும் கேக்குமாக இருந்தது. தேவகிருபை ஞானதுரையைக் கூட்டிக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போனாள். அவர் கீழே நின்றுகொண்டார். மருந்து வாடை அவருக்கு ஒத்துக்கொள்ளாது.

வார்டில் பீம்ராவ் சாய்ந்து உட்கார்ந்திருந்தான். இரண்டு கையிலும் கட்டு. பக்கத்தில் கார்குழலி கஞ்சிக் கிண்ணத்தோடு நின்றாள். தேவகிருபையைப் பார்த்ததும் அவன் கண் பெரிதானது.

"மேடம். நீங்கதான் தொறந்தீங்கன்னாங்க. அவரை இறக்கிட்டீங்களா?"

"யாரை, பீம்ராவ்?"

"எங்கூட இருந்தாரே."

கார்குழலி அவளைத் தனியாக இழுத்து, காதோடு சொன்னாள். "நேத்துலேர்ந்து இதையேதான் கேட்டுகினு கீறாருக்கா. ஒரு வாய் கஞ்சி எறங்கல. அந்தாளு இன்னும் உள்ள மாட்டிகினு கீறாரு, நான் மட்டும் எப்டித் துன்றதுன்றாரு. டாக்டரம்மா, அடிபட்ட தலை, அப்டித்தான் பேசும்னாங்க. எனக்கு பயமா கீதுக்கா."

தேவகிருபை கட்டிலோரம் உட்கார்ந்தாள். "அங்க என்ன நடந்துச்சு, சொல்லுங்க."

"முழிச்சா ஒரே இருட்டு. கத்திக் கத்திப் பார்த்தேன், தொண்ட வத்திப் போச்சு. கை ரெண்டும் தூக்க முடியல. செத்துடுவேன்னு தெரிஞ்சுபோச்சு மேடம். அப்பத்தான் யாரோ என் தலையத் தூக்கி மடியில வெச்சிகினாரு. நம்மாளு எவனோ மாட்டிகினான்னு நெனச்சேன். மூஞ்சி தெரியல. கை தெரிஞ்சுது. காய்ச்சுப் போன கை, நம்மள மாரி வேலக்காரன் கை. பேரு கேட்டேன், சொல்லல. எவ்ளோ நேரம்னு தெரியாது, அப்டியே புடிச்சிகினு இருந்தாரு."

"தட்டினாரா?"

அவள் கேட்கக் கூடாது என்றுதான் நினைத்திருந்தாள். வாய் முந்திக்கொண்டது.

பீம்ராவ் நெற்றியைச் சுருக்கினான். "அதான் மேடம் எனக்கும் பிரியல. தட்டுற சத்தம் கேட்டுகினே இருந்துச்சு. ஆனா அவரு ரெண்டு கையும் என் தலையிலதான் இருந்துச்சு."

ஜன்னல் வழியே வெயில் கட்டில்மேல் விழுந்துகொண்டிருந்தது. ஆறு வருஷமாக அவள் இருட்டில் நின்று, கூட நில்லும், கூட நில்லும் என்று கேட்டுக்கொண்டே இருந்தது யாரை என்று அன்றுதான் முதல் தடவையாக உறைத்தது போலிருந்தது. சந்தோஷம் என்றும் சொல்ல முடியாது, பயம் என்றும் சொல்ல முடியாது. எழுந்து ஓட வேண்டும் போலவும், அந்த அழுக்குத் தரையில் முழங்கால் போட வேண்டும் போலவும் இருந்தது.

"மேடம், அவரை விட்டுட்டு வந்துட்டீங்களா?" என்று பீம்ராவ் மறுபடி கேட்டான்.

கார்குழலி கண்ணாலேயே கெஞ்சினாள். ஆமாம், இறக்கிவிட்டோம், பத்திரமாக இருக்கிறார் என்று ஒரு பொய் சொல்லிவிடச் சொல்லி. தேவகிருபை பொய் சொல்கிறவள் இல்லை. சொல்லவும் தேவைப்படவில்லை.

"விடல பீம்ராவ்," என்றாள். "அவர் உங்களுக்கு முன்னாடியே வெளிய வந்துட்டார். ரெண்டு நாளா எங்கிட்ட வந்து, நீங்க உள்ள இருக்கீங்கன்னு சொல்லிட்டே இருந்தார். எனக்குத்தான் விளங்க நேரமாச்சு."

அவன் அவளையே பார்த்தான். மெல்ல மெல்ல அவன் தோள் தளர்ந்தது.

"நல்லா கீறாரா?"

"நல்லா இருக்கார்."

பீம்ராவ் கார்குழலியின் பக்கம் திரும்பி வாயைத் திறந்தான். அவள் கஞ்சியை ஊட்ட ஆரம்பித்தாள். கிண்ணம் காலியாகும் வரை தேவகிருபை அங்கேயே உட்கார்ந்திருந்தாள்.

கீழே ஞானதுரை வேப்பமரத்தடியில் காத்திருந்தார். அவள் படியிறங்கி வருகிற விதத்தைப் பார்த்துவிட்டு எதிரே ஓடி வந்தார்.

"என்னம்மா? எப்படி இருக்காரு? என்ன சொன்னாரு?"

சொல்வதற்கு நிறைய இருந்தது. ஆனால் எதையும் அந்த வாசலில் நின்று சொல்ல அவளால் முடியவில்லை. புடவைத் தலைப்பை இழுத்துத் தோளைச் சுற்றிப் போர்த்திக்கொண்டாள்.

"கஞ்சி குடிச்சார்," என்றாள்.